கொழுத்த கன்று யாருடைய பங்கு?

கேள்வியை முதலில் சுருக்கி வைத்துவிடுகிறேன். காங்கயம் பக்கம் கிணற்றுத் தோட்டமும் கொஞ்சம் காடும் உள்ள குடும்பம். இரண்டு மகன்களில் கேட்பவர் மூத்தவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் இளையவர் தன் பங்கைப் பிரித்து வாங்கி, விற்று, திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் போட்டார். அது நொடித்துப் போனது. அதற்குள் அம்மாவின் நகையும் போயிற்று. அம்மா இறந்த அன்றுகூட அவர் வரவில்லை. போன மாதம் ஒரு பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார். அந்த ஞாயிறே ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கையும் வைத்தார். அன்றிலிருந்து மூத்தவர் தோட்டத்துச் சாளையில் (கொட்டகையில்) படுத்துக்கொள்கிறார். சாயங்காலம் அப்பாதான் தூக்குப்போசியில் சோறு கொண்டுவருகிறாராம். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "இத்தன வருசமா பண்ணையம் பார்த்தவன் நானுங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்க. எங்கப்பாவோட சின்ன மகன் மனந்திரும்பிட்டான்னு எப்படீங்க நம்பறது? கடவுளே இப்படி மன்னிக்கிறாருன்னா அதுல நியாயம் எங்கீங்க இருக்குது? மன்னிச்சா மறுக்கா பங்கும் குடுக்கோணுமா?"

ஆயர் கெட்ட குமாரன் கதையை வாசித்துக் காட்டினாராம், கேட்டதும் கோபம் இன்னும் ஏறிவிட்டதாம். பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளைய மகனுக்கு அப்பா கொழுத்த கன்றை அடித்து விருந்து வைத்தார் என்று இயேசு சொன்ன உவமை அது. ஏறத்தான் செய்யும். அந்தக் கதையை இளையவன் வீட்டுக்கு வந்ததோடு நிறுத்திவிட்டால், வெயிலில் நின்றவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் ஆயர் இல்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு சபையில் முப்பது வருடமாக வேதபாட வகுப்பு எடுக்கிறவன். இந்த உவமைகளைப் பலமுறை நடத்தியிருக்கிறேன், தப்பாகவும் நடத்தியிருக்கிறேன். அதையும் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். நம் பழைய வேதாகமத்தில் மனந்திரும்புதல். கத்தோலிக்கர் மனமாற்றம் என்பார்கள். கிரேக்கத்தில் 'மெட்டனோயா', எண்ணம் மாறுவது. எபிரெயத் தீர்க்கதரிசிகள் இதற்குச் சொல்லும் 'ஷூவ்' என்ற வினைக்கு வெறுமனே 'திரும்பு' என்றுதான் அர்த்தம். போன வழியிலேயே நின்று, திரும்பி, வீட்டுப் பக்கம் நடப்பது. மொழிபெயர்த்த புண்ணியவான்கள் இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லில் முடிந்து வைத்துவிட்டார்கள். அழுகை, நெஞ்சில் அடித்துக்கொள்வது, சபையில் எழுந்து சாட்சி சொல்வது எல்லாம் கூட வரலாம், வராமலும் போகலாம். முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் அந்தச் சொல்லின் கேள்வி.

மத்தேயு 21இல் இன்னொரு தகப்பனும் இரண்டு மகன்களும் வருகிறார்கள். திராட்சத்தோட்டத்துக்கு வேலைக்குப் போ என்றதும் ஒருவன் 'போகிறேன் ஐயா' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மற்றவன் 'மாட்டேன்' என்றான், 'ஆகிலும் பின்பு அவன் மனஸ்தாபப்பட்டுப் போனான்'. இன்றைக்கு மனஸ்தாபம் என்றால் நமக்கு மாமன் மச்சானுக்குள் வரும் பேச்சுவார்த்தை இல்லாத நிலை. பழைய தமிழில் மனம் வேகுதல். இங்கே வரும் அதே கிரேக்க வினைதான் மத்தேயு 27:3இல் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் வருகிறது. அவனுக்கும் மனம் வெந்தது. முப்பது வெள்ளிக்காசைக் கொண்டுபோய்த் திருப்பியும் கொடுத்தான். வெந்தது இருவருக்கும் ஒன்றுதான். ஒருவன் அப்பாவின் தோட்டத்துக்குப் போனான், மற்றவன் தனியாகப் போய் நான்றுகொண்டான். வருத்தம் எவ்வளவு ஆழம் என்று அளந்துகொண்டிருப்பதைவிட, அது ஆளை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். உங்கள் தம்பியை அது உங்கள் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. நொடித்துப்போன எத்தனையோ பேருக்குத் திருப்பூரில் வேறு முடிவு வந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

இனி லூக்கா 15. அதிகாரம் ஒரு முறுமுறுப்பில் தொடங்குகிறது: 'இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்.' அந்தப் பாவிகளோடு ஆயக்காரரும் இருந்தார்கள். ஆயக்காரர் என்றால் சுங்கம் வசூலித்தவர்கள். மேலிடத்துக்குக் கட்டவேண்டியதற்கு மேலே போட்டு ஊராரிடம் பிடுங்கியவர்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வேதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்த பரிசேயருக்குப் பொறுக்கவில்லை. அந்த முறுமுறுப்புக்குப் பதிலாகத்தான் ஆடு, காசு, மகன் என்று மூன்று கதைகள் வருகின்றன. ஊர்வழி ஒழுங்காக நடந்து, ஜெபம் தவறாமல், தசமபாகம் தவறாமல் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்ன கதைகள் இவை. சாளையில் படுத்திருக்கும் உங்களைப் பார்த்துச் சொன்னவை.

தொலைந்த ஒரே ஆட்டை மேய்ப்பன் தேடிப்போகிற கதை புரிய எனக்கு எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, வேண்டியிருந்தது. காங்கயத்துக்குத் தெற்கே அவருக்குக் கொரங்காடு இருந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள மேய்ச்சல் நிலம், சுற்றிலும் உயிருள்ள கிளுவை வேலி. படலைச் சாத்திவிட்டால் செம்மறிகளுக்கு மேய்க்கிற ஆள் வேண்டாம், வேலியே மேய்ப்பன். எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். ஒருநாள் பொழுது சாய எண்ணும்போது முப்பத்திரண்டுக்கு ஒன்று குறைந்தது. வேலியில் ஓரிடத்தில் கிளுவை காய்ந்து ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது. டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பினார், நானும் பின்னாலேயே ஓடினேன். ஆத்தா வாசலில் நின்று, ஒரு ஆட்டுக்காக இந்த இருட்டில் பாம்பு பல்லி மிதிக்கப் போகிறீர்களே என்று சத்தம் போட்டார். அப்பாரு திரும்பிப் பார்க்காமல், "முப்பத்தொண்ணு நிக்குதுன்னு தூக்கம் வருமாக்கும்" என்றார்.

ஓடைக்குள் சீமைக்கருவேல முள்ளில் மாட்டிக் கிடந்தது. தொலைந்த ஆடு கத்தும் என்று நான் நினைத்திருந்தேன். அது கத்தவே இல்லை. காலை மடக்கிப் படுத்துக்கொண்டு கண் மட்டும் டார்ச்சில் பச்சையாக மின்னியது. கையால் முள்ளை விலக்கி இழுத்தார், புறங்கையெல்லாம் கீறல். கால்கள் நான்கையும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தோளில் போட்டுக்கொண்டார். பாதி வழியில் அது அவர் முதுகிலேயே மூத்திரம் பெய்துவிட்டது. வழியெல்லாம் அவர் வேலியைத்தான் திட்டிக்கொண்டு வந்தார், ஆட்டை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'கண்டுபிடித்தபின்பு, அவன் சந்தோஷத்தோடே அதைத் தன் தோள்களின்மேல் போட்டுக்கொண்டு' என்ற வசனத்தை நான் எப்போது வாசித்தாலும் அந்த நாற்றமும் ஈரமும் வந்துவிடும்.

இப்போது கேளுங்கள். அந்த ஆடு மனந்திரும்ப என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, பத்தில் ஒரு வெள்ளிக்காசைத் தேடுகிறாளே ஒரு பெண், அந்தக் காசு என்ன செய்தது? அதற்கு உயிரே இல்லை. ஆனாலும் இரண்டு கதையையும் இயேசு 'மனந்திரும்புகிற ஒரே பாவியினிமித்தம்' சந்தோஷம் என்றுதான் முடிக்கிறார். ரொம்ப நாள் இது எனக்குப் பொருந்தாத முடிவாகவே பட்டது. பிறகுதான் வரிசை புரிந்தது. முதலில் மனிதன் திரும்ப வேண்டும், அதைப் பார்த்துக் கடவுள் மனமிரங்க வேண்டும் என்று நாம் வரிசை போட்டு வைத்திருக்கிறோம். இங்கே தேடல் முன்னால் நடந்துவிடுகிறது. தோளில் ஏற்றியபோது துள்ளி இறங்காமல் இருப்பதுதான் ஆட்டின் பங்கு. மனந்திரும்புதலைக் கொடுத்து மன்னிப்பை வாங்குவது என்ற பேரத்துக்கே இந்தக் கதைகளில் இடமில்லை.

'அப்படியானால் நியாயம் எங்கே' என்று நீங்கள் மறுபடி கேட்பீர்கள். அதற்கு மத்தேயு 18க்குப் போகவேண்டும். எத்தனை தடவை மன்னிப்பது, ஏழுதரமா என்று சீடர் பேதுரு கேட்க, ஏழெழுபதுதரம் என்று சொல்லிவிட்டு, இயேசு ஒரு கடன் கதை சொல்கிறார். ராஜாவுக்கு ஒரு ஊழியக்காரன் 10,000 தாலந்து பாக்கி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. ஆக மொத்தம் 6 கோடி நாள் கூலி. வருடம் 300 நாள் வேலை என்று வைத்தால் 2 லட்சம் வருடம். நாள் கூலியை 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள், 3,600 கோடி ரூபாய். அந்தக் காலத்தில் கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து அவற்றை ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு ஆண்டுக்குக் கொடுத்த வருமானமே 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதிவைத்திருக்கிறார். ஒரு நாட்டின் ஐம்பது வருட வரியை ஒரு ஆள் பாக்கி வைத்திருக்கிறான். கேட்டவர்கள் வாயைப் பிளந்திருப்பார்கள்.

அவன் கேட்டது வாய்தா. 'என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்.' கிடைத்தது முழுத் தள்ளுபடி. தள்ளுபடி என்றால் நம் ஊர் விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அரசு அறிவித்தபோது, அந்தப் பணம் ஆவியாகிப் போய்விடவில்லை. விவசாயி கட்டவேண்டியதை அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. கடன் என்று ஒன்று உண்டானால் யாராவது ஒருவர் அதைச் சுமந்தே தீரவேண்டும். ராஜா மன்னித்த அந்த நிமிடத்தில் ராஜா அவ்வளவுக்கும் ஏழையாகிறார். உங்கள் நியாயக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: மன்னிப்பில் கணக்கு அழிவதில்லை, கணக்கு மன்னிக்கிறவன் பக்கம் வந்து விழுகிறது. சிலுவையைக் கும்பிடுகிற நாம் இதைத்தான் நம்புவதாகச் சொல்லிக்கொள்கிறோம். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று பரமண்டல ஜெபத்தில் நாம் சொல்வதற்கு அதுதான் காரணம்.

அதே ஊழியக்காரன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையை நெரித்தான். பிரசங்கங்களில் இதை அற்பத் தொகை என்று சொல்லிவிடுவார்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு. நூறு வெள்ளிப்பணம் நூறு நாள் கூலி. மேலே போட்ட கணக்கில் 60,000 ரூபாய். கூலிக்காரனுக்கு அது மகளின் காதுத்தோடு, ஒரு கறவை மாடு. உங்கள் தம்பி உங்களுக்குச் செய்ததும் சின்ன விஷயம் இல்லை. அம்மாவைத் தூக்கும்போது இன்னொரு தோள் இல்லாமல் நின்றீர்கள், அதை யார் அற்பம் என்று சொல்வது? நம்மிடம் பட்ட கடன் பெரிதாக இருக்கும்போதும், நாம் பட்டது அதைவிடப் பல லட்சம் மடங்கு என்பதைத்தான் இயேசு அந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்.

இங்கே என் தவற்றைச் சொல்லவேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு என்னிடம் இருந்தது. வாழைத்தார், மஞ்சள், தேங்காய், சேவல் என்று ஏலம் விட்ட பணத்தில் ஒரு பகுதியை உடன் இருந்த ஒருவர் எடுத்துவிட்டார். நாலு மாதம் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். பணத்தைக் கூடுதலாகவே ஒரு மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்து, நின்றபடியே கொடுத்தார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணி முடித்து, ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அதன் பிறகு இரண்டு வருடம் அவரும் நானும் ஒரே திருவிருந்தில் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டிருக்கிறோம். எழுந்ததும் நான் வேறு வாசல் வழியாகப் போய்விடுவேன். ஒருநாள் அவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார், நான்தான் எனக்குள் அவர் தொண்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை மத்தேயு 18 நடத்த வேண்டி வந்தபோது என்னால் முழுக்க வாசிக்க முடியவில்லை.

அந்தக் கதை கடுமையாகத்தான் முடிகிறது. ராஜா அவனைத் திரும்பப் பிடித்து உபாதிக்கிறவர்கள் கையில் கொடுத்துவிடுகிறார். கொடுத்த மன்னிப்பைப் பிடுங்கிக்கொண்டாரா என்று வகுப்பில் கேட்பார்கள். எனக்குத் தோன்றுவது: அவன் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. ராஜாவின் இரக்கம் அவன் காதில் 'தப்பித்துவிட்டேன்' என்று மட்டும் விழுந்தது. தள்ளுபடி ஆனதைக் கொண்டாடிவிட்டுத் தன் கடன்காரனைத் தேடிப்போகிறவன் முகம் இன்னும் பழைய பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி உங்கள் கதைக்கு, லூக்கா 15இன் மூன்றாவது உவமைக்கு, வருவோம். இளையவன் பங்கு கேட்கிறான். தகப்பன் உயிரோடிருக்கும்போதே கேட்பது, 'நீர் செத்தால் எனக்கு என்ன வருமோ அதை இப்போதே தா' என்பதுதான். மோசேயின் சட்டப்படி மூத்தவனுக்கு இரட்டிப்பு, உபாகமம் 21:17. இரண்டே மகன்கள் என்றால் மூத்தவனுக்கு மூன்றில் இரண்டு, இளையவனுக்கு மூன்றில் ஒன்று. லூக்கா ஒரு சிறு சொல்லை வைத்திருக்கிறார், பலர் தாண்டிப் போய்விடுவார்கள்: 'அவன் அவர்களுக்குத் தன் ஆஸ்தியைப் பங்கிட்டுக்கொடுத்தான்.' அவனுக்கு என்று இல்லை, அவர்களுக்கு என்று இருக்கிறது. அன்றே மூத்தவனுக்கும் எழுதியாகிவிட்டது.

தூரதேசம், பஞ்சம், பன்றி மேய்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் வேதாகமம் பன்றிகள் தின்ற 'தவிடு' என்கிறது. மூலத்தில் அது கரோப் என்ற மரத்தின் காய். நம் கொரங்காட்டில் ஆடுகளுக்கு உதிர்ந்து கிடக்கும் வெள்வேலங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆசைப்பட்டவனுக்குப் 'புத்தி தெளிந்தது'. என்ன தெளிந்தது? அப்பா வீட்டில் கூலிக்காரனுக்கே சாப்பாடு மிச்சம். பசிதான் அவனை எழுப்பியது. உங்கள் தம்பியும் வேறு வழியில்லாமல்தான் வந்திருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். இயேசுவின் கதையிலும் அப்படித்தான் வந்தான், வந்த காரணத்தை யாரும் சோதிக்கவில்லை. வழியில் ஒரு பேச்சைத் தயார் செய்தான்: பாவம் செய்தேன், மகன் என்று சொல்லத் தகுதியில்லை, கூலிக்காரனில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வந்து சொல்லும்போது முதல் இரண்டும் வாயிலிருந்து வருகின்றன. மூன்றாவது வரவே இல்லை. அதற்குள் அப்பா வேலைக்காரரிடம் அங்கி, மோதிரம், பாதரட்சை என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

அந்த அப்பா 'மனதுருகி' ஓடினார் என்கிறது தமிழ். கிரேக்க வினை குடல் என்ற சொல்லிலிருந்து வந்தது, உள்வயிறு பிசைவது. கடனை விட்டுக்கொடுத்த ராஜாவுக்கும் அதே வினைதான். நம் ஊரில் இதற்குப் பெத்த வயிறு என்போம். உங்கள் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உங்களுக்குக் குறையாகப் படுகிறது. பெத்த வயிறு கேள்வி கேட்டுவிட்டுச் சோறு போட்டதாக நான் எங்கும் கண்டதில்லை.

இப்போது கன்று. பங்கு பிரித்தாயிற்று, இளையவனுடையது தீர்ந்துவிட்டது. மீதி இருக்கும் நிலம், மாடு, பட்டி, அடித்த கொழுத்த கன்று எல்லாம் கணக்குப்படி மூத்தவனுக்குரியவை. 'எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது' என்று அப்பாவே 31ஆம் வசனத்தில் ஒத்துக்கொள்கிறார். அதாவது ஊதாரிக்குப் போட்ட விருந்து மூத்தவன் பங்கிலிருந்து போனது. அவனை யாரும் கேட்கவும் இல்லை. வயலிலிருந்து வருகிறவன் மேளச்சத்தம் கேட்டு வேலைக்காரனிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறான். அவன் கோபத்தைச் சின்னப் பொறாமை என்று நடத்துகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மன்னிப்புக்கு யாராவது கொடுத்தாக வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, இந்த வீட்டில் அப்பா தன் மானத்தைக் கொடுத்தார், மூத்தவனிடம் ஒரு கன்றைக் கேட்கிறார்.

அவன் பேச்சைக் கவனியுங்கள். 'இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து' என்கிறான். மூலத்தில் அது அடிமையாக உழைப்பதைச் சொல்லும் வினை. இளையவன் கூலிக்காரனாகச் சேர வந்தான், மூத்தவனோ இத்தனை நாளும் மனதுக்குள் அடிமையாகவே இருந்திருக்கிறான். தான் மகன் என்பது அந்த வீட்டில் இருவருக்குமே தெரியவில்லை. அடுத்தது, 'உம்முடைய குமாரனாகிய இவன்' என்கிறான். தம்பி என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. அப்பா பதில் சொல்லும்போது, 'உன் சகோதரனாகிய இவன்' என்று மெதுவாகத் திருப்பிக் கொடுக்கிறார். உங்கள் கேள்வியை நாலு தடவை வாசித்தேன். எல்லா இடத்திலும் 'எங்கப்பாவோட சின்ன மகன்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

நம்புவது எப்படி என்று கேட்டீர்கள். மன்னிப்பது வேறு, நம்பிக் கையில் கொடுப்பது வேறு. இதற்கு லூக்கா 13இல் அத்திமரம் இருக்கிறது. மூன்று வருடம் காய்க்காத மரம். வெட்டிப்போடு, நிலத்தை ஏன் கெடுக்கிறது என்கிறார் உரியவர். தோட்டக்காரன், 'இது இந்த வருஷமும் இருக்கட்டும். நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்' என்கிறான். சும்மா நின்று பார்க்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. வட்டப் பாத்தி எடுத்து எரு வைப்பது முதுகு ஒடிகிற வேலை, உங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் தம்பிக்கு வேலை கொடுங்கள். மோட்டார் போடுவது, பால் ஊற்றிவருவது, சோளத்தட்டு அறுப்பது. காய்க்கிறதா என்று அதற்குப் பிறகு தெரியும். அந்த உவமைக்கு முன்னாலேயே இன்னொன்றும் இருக்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, இல்லை என்கிறார் இயேசு. தம்பியின் யூனிட் நொடித்ததைக் கடவுள் கொடுத்த தண்டனை என்று ஊரில் யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

பங்குக்குப் பதில் சுருக்கம்தான். அந்த அப்பா அங்கி கொடுத்தார், மோதிரம் கொடுத்தார், விருந்து வைத்தார். ஆஸ்தியை மறுபடி பிரித்ததாக வசனம் இல்லை. 'எல்லாம் உன்னுடையது' என்பது நின்றது. பட்டா உங்கள் பேரில் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும்; மன்னிப்பைக் காட்ட பத்திரம் மாற்ற வேண்டியதில்லை. பின்னால் நீங்களாக ஏதாவது கொடுக்க நினைத்தால் அது உங்கள் பிரியம். அம்மாவின் நகை கதை வேறு. லூக்கா 19இல் வரும் ஆயக்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றான். இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு, யாரும் கேட்காமல், அவனே எழுந்து நின்று சொன்னது அது. அந்தப் பேச்சு தம்பி வாயிலிருந்து வரட்டும். வாசலில் வைத்துக் கேட்காதீர்கள்.

கதையில் அப்பா இரண்டு தடவை வீட்டைவிட்டு வெளியே வருகிறார். முதல் தடவை இளையவனைப் பார்த்து ஓடுகிறார். இரண்டாம் தடவை, விருந்தாளிகளை உள்ளே விட்டுவிட்டு, இருட்டில் மூத்தவனிடம் வந்து 'வருந்தியழைத்தான்' என்று எழுதியிருக்கிறது. மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. உங்கள் அப்பா தூக்குப்போசியோடு தினமும் சாளைக்கு வருகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு வரும்போது போசியைத் திறக்காதீர்கள். ஒரு கையில் அதையும் மறுகையில் அவரையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடங்கள். தம்பியோடு அன்றைக்கே பேசவேண்டும் என்று இல்லை. போசியில் இருக்கும் அதே சோற்றை அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.